மூணு பேர், ஒரு வாடகை வீடு: எங்கே உரசுகிறதோ அங்கே எழுத வேண்டிய வரி

சேர்ந்து வீடு எடுப்பவர்கள் தங்களுக்குள் எதையும் எழுதி வைப்பது அபூர்வம். சென்னையில் வேளச்சேரியிலோ மேடவாக்கத்திலோ "பேச்சிலர்ஸ்னா பரவாயில்ல, வாங்க" என்று ஒரு ஓனர் சொன்னதே பெரிதாக இருக்கும். அட்வான்ஸைத் திரட்டி, புரோக்கருக்குக் கொடுத்து, மெத்தையையும் பீரோவையும் மாடி ஏற்றுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். நாலைந்து மாதம் போன பிறகுதான் யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், வாட்ஸ்அப் குரூப்பில் பதில் வராது.

அந்தக் கட்டத்தில் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எந்த வாக்கியம் காதில் விழுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

முதல் சோதனை: ஓனரிடம் இருக்கும் காகிதத்தில் யார் பெயர்?

அக்ரிமென்ட்டை எடுத்துப் பாருங்கள். மூன்று பேர் தங்கும் வீட்டில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர்தான் வாடகைதாரர். மற்ற இருவரும் அவருடைய தயவில் இருப்பவர்கள். அவருக்கும் இது ஆபத்துதான். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டால், காலி செய்யச் சொல்ல அந்த ஒன்றே போதுமான காரணம். "ஓனருக்குத் தெரியுமே, அவர் தினமும் எங்களைப் பார்க்கிறாரே" என்பது உதவாது. அவர் வீட்டை மகனுக்குக் கொடுத்துவிட்டால், மகனுக்குத் தெரியாது.

சரிசெய்ய: தங்கும் எல்லோர் பெயரும் அக்ரிமென்ட்டில் வரட்டும். புதுப்பிக்கும் நேரம்தான் இதற்கு நல்ல வாய்ப்பு. பதினோரு மாத அக்ரிமென்ட் என்பது, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தால் வந்த பழக்கம். புதிய சட்டமோ எத்தனை மாதமானாலும் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. பதிவுக்கு அரசே இணையதளம் நடத்துகிறது. ஓனர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், குறைந்தபட்சம் "இந்த மூவரும் என் சம்மதத்துடன் தங்குகிறார்கள்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

இது ஓனருக்கும் நமக்கும் உள்ள காகிதம். நமக்குள் வேறொரு காகிதம் வேண்டும். இனி வரும் வரிகள் எல்லாம் அந்த இரண்டாவது காகிதத்துக்குப் போக வேண்டியவை. ஒரு வீட்டுத் தகராறில் பாதி, இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதிலிருந்தே பிறக்கிறது.

"அவன் வாடகை தரலை, ஓனர் என்னைக் கேக்கறார்"

காரணம்: ஓனருக்கு வீடு ஒன்று, வாடகை ஒன்று. மூன்று பேர் சேர்ந்து கையெழுத்திட்டிருந்தால், 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-வது பிரிவுப்படி அவர் மூவரில் எவரிடமும் முழு வாடகையையும் கேட்கலாம். கட்டியவர் மற்ற இருவரிடமும் அவரவர் பங்கை வசூலித்துக்கொள்ள வேண்டும்.

அதே பிரிவில் நம்மில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொண்டதாகத் தெரியாவிட்டால், பங்கு சமம் என்றே கொள்ளப்படும். பால்கனி, தனிக் குளியலறையோடு இருக்கும் அறைக்காரர் பத்தாயிரமும் ஹாலில் படுப்பவர் ஆறாயிரமும் தருவதாக நீங்கள் வாய்வார்த்தையில் பேசியிருக்கலாம். எழுத்தில் இல்லாத நாளில் ஹாலில் படுப்பவர் எட்டாயிரத்துக்கு மாட்டிக்கொள்வார். ஆகவே பங்கு சமமில்லாத வீடுகளில் ரூபாய்க் கணக்கை எழுதுவது மிக அவசரம்.

பங்கையே இன்னும் பேசி முடிக்கவில்லை என்றால் ஒரு வழி: 24,000 ரூபாய் வாடகையை மூன்று இடங்களுக்கும் பிரித்து விலை போடுங்கள். "எந்த இடம் விழுந்தாலும் எனக்குச் சம்மதம்" என்று மூவரும் சொல்லும் வரை ஏற்றி இறக்குங்கள். பிறகு சீட்டுக் குலுக்குங்கள். எந்த இடம் யாருக்கு விழும் என்று தெரியாததால், யாரும் ஒரு பக்கம் சாய்த்து விலை சொல்ல மாட்டார்கள்.

எழுத வேண்டிய வரி: "ஒவ்வொரு மாதமும் 3-ம் தேதி இரவுக்குள் மூவரும் அவரவர் பங்கை இன்னாருக்கு அனுப்ப வேண்டும், அவர் 5-ம் தேதி ஓனருக்கு அனுப்பி, ரசீதைக் குரூப்பில் போட வேண்டும். ஒருவர் பங்கை மற்றவர் கட்ட நேர்ந்தால் 15 நாளில் திருப்பித் தர வேண்டும். இரண்டாவது மாதமும் தவறினால், அட்வான்ஸில் உள்ள அவர் பங்கிலிருந்து கழித்துக்கொள்ள மற்றவர்களுக்கு உரிமை உண்டு." கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். கடன் சொல்லித் தள்ளிப்போடுபவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. வேலை போயிருக்கலாம், வீட்டில் மருத்துவச் செலவு வந்திருக்கலாம். அட்வான்ஸில் கழிக்கலாம் என்று முன்பே எழுதியிருந்தால், அந்த இரண்டு மாதத்தை அவரும் தலைகுனியாமல் கடக்கலாம்.

"ஏசி போடறது அவன், பில்லு மூணு பேருக்குமா?"

மார்ச் பிறந்ததும் சென்னையில் கேட்கத் தொடங்கும் வாக்கியம் இது. யூனிட்டை மூன்றாக வகுத்தால் தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஏசி இழுக்கும் மின்சாரத்தைத் தனியாகக் காட்டும் சப்-மீட்டர் வைத்து யூனிட் விகிதப்படி பிரித்தால் சரி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதுவும் முழுக்கச் சரியில்லை.

காரணம் மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறும் விதம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 2016 முதல், முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் அடுக்குக்கு அடுக்கு விலை கூடும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரைக்கு உள்ள குறைந்த விலையே கைவிட்டுப் போகும். கீழ் அடுக்கிலும் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஆக, ஒருவர் ஏசி போட்டு வீட்டை 500-க்கு மேலே தள்ளினால், மற்ற இருவர் ஓட்டிய மின்விசிறிக்கும் விலை ஏறுகிறது.

எவ்வளவு எளிதில் தாண்டும்? ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமார் ஒரு யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணி நேரம், 60 நாள்: 480 யூனிட். மீதி வீட்டுக்கு 340 யூனிட் என்றால் மொத்தம் 820.

சரிசெய்ய: ஏசி லைனில் எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு சப்-மீட்டர் போடுங்கள். பில் வந்ததும் மொத்த யூனிட்டிலிருந்து ஏசி யூனிட்டைக் கழியுங்கள். மின்வாரிய இணையதளத்தில் கட்டணத்தைக் கணக்கிடும் பக்கம் இருக்கிறது. அதில் அந்த 340-ஐப் போட்டு, ஏசியே இல்லாதிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று பாருங்கள். அந்தத் தொகையை மூவரும் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உண்மையான பில்லுக்கும் அந்தத் தொகைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் ஏசி அறைக்கு. ஏசி அறைக்காரருக்கு முதல் பில்லில் இது கடுமையாகத் தெரியும். அதனால் கோடைக்கு முன்பே பேசி எழுதிவிடுங்கள். பில் வந்த நாளில் விதி எழுத உட்கார்ந்தால், அவரைக் குறிவைத்து எழுதியது போலாகிவிடும்.

ஓனரே சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கும் வீடு என்றால் இந்தக் கணக்கு வேண்டாம். அங்கே யூனிட் விகிதமே போதும்.

எந்த வீடானாலும் ஒருவர் காலி செய்யும் நாளில் மீட்டரைப் படம் எடுத்துக் குரூப்பில் போடுங்கள். இரண்டு மாத பில் என்பதால், போனவரின் கணக்கு பில் வரும் வரை தொங்கிக்கொண்டே இருக்கும்.

"தம்பி இன்டர்வியூவுக்கு வந்தான்"

மூன்று வாரமாகிறது. தம்பி நல்ல பையன். பாத்திரம்கூடக் கழுவி வைக்கிறான். இருந்தும் காலையில் குளியலறை வாசலில் வரிசை நீள்கிறது, கேன் தண்ணீர் சீக்கிரம் தீர்கிறது, யாரும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள். விருந்தாளியைப் போகச் சொல்லும் பழக்கம் நம் வளர்ப்பில் இல்லை. அந்த நல்ல குணம்தான் இங்கே சிக்கலாகிறது: கேட்கக் கூசுபவர் மனதுக்குள் புழுங்குவார், பிறகு சம்பந்தமே இல்லாமல் சிங்க்கில் கிடக்கும் ஒரு தட்டுக்காக வெடிப்பார். உங்கள் வீட்டில் தட்டுச் சண்டை திடீரென்று பெரிதானால், யாராவது விருந்தாளி தங்கியிருக்கிறாரா என்று பாருங்கள்.

எழுத வேண்டிய வரி: "விருந்தாளி ஐந்து இரவு வரை தங்கலாம், குரூப்பில் சொன்னால் போதும். அதற்கு மேல் தங்கினால் மற்ற இருவரின் சம்மதம் வேண்டும். தண்ணீர், கேஸ், சாப்பாட்டில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பதினைந்து இரவுக்கு மேல் தங்க வேண்டுமானால் ஓனரிடம் சொல்ல வேண்டும்." எண்ணிக்கையை உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளுங்கள். இருக்க வேண்டியது எண். "கொஞ்ச நாள்" என்று எழுதினால், ஊரிலிருந்து வந்தவருக்கு அது ஒரு மாதம்.

நண்பர்கள், காதலன், காதலி வருவதைப் பற்றியும் இதே இடத்தில் பேசுங்கள். ஓனர் போட்ட நிபந்தனை ஒன்று, உங்களுக்குள் சௌகரியம் என்பது வேறொன்று. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். ஓனரின் நிபந்தனையை ஒருவர் மீறினால் மூவருக்கும் வீடு போகும்.

தண்ணீர், சமையல், தூக்கம்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் பல குடியிருப்புகள் லாரித் தண்ணீரை நம்பியே இருக்கின்றன. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்ட 2019 கோடை மாதிரி ஒன்று வந்தால், மெயின்டனன்ஸோடு தனியாகத் தண்ணீர்ப் பணமும் கேட்பார்கள். அதைத் தலைக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். அறை பெரிதாக இருப்பதால் யாரும் கூடுதலாகக் குளிப்பதில்லை.

சமையல் அக்கா வைத்திருந்தால், அவர் சம்பளம் மாதச் சம்பளம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மூவரும் ஊருக்குப் போனாலும் பிடிக்கக் கூடாது. "நான் பத்து நாள் சாப்பிடலையே" என்ற கணக்கை மளிகையில் மட்டும் பாருங்கள். அசைவம் சமைக்கலாமா, தனிப் பாத்திரம் வேண்டுமா என்பதை வீட்டுக்குள் வரும் முன்பே கேட்டுவிட வேண்டும். பின்னால் எந்த வரி எழுதியும் அதைச் சரிசெய்ய முடியாது.

நைட் ஷிப்ட் பார்ப்பவர் பகலில் தூங்குகிறார் என்றால், சத்தம் கூடாத மணி நேரத்தை அவருடைய ஷிப்டை வைத்து எழுதுங்கள். மிக்சி, துணி துவைக்கும் மெஷின், போனில் ஸ்பீக்கர் என்று பெயர் சொல்லியே எழுதலாம்.

"நான் கிளம்பறேன், என் அட்வான்ஸைக் குடுங்க"

நான் பட்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நாங்கள் மூன்று பேர். அட்வான்ஸ் 90,000; தலைக்கு 30,000. எட்டாவது மாதம் ஒருவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அவர் இடத்துக்கு வந்தவர் 30,000 ரூபாயை அவருக்கே அனுப்பிவிட்டார், ஓனருக்கு விஷயம் போனில் சொல்லப்பட்டது. சென்னையில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் ஆள் மாறும். இன்னும் 14 மாதம் கழித்து நாங்கள் காலி செய்தபோது, ஓனர் பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை 24,000 பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினார். அனுப்பியது அக்ரிமென்ட்டில் பெயர் இருந்தவரின் கணக்குக்கு. அவர்தான் பெங்களூர் போனவர். பணம் திரும்பி வந்துவிட்டது, ஆனால் அதற்காகக் கேட்டுக் கேட்டு ஒரு நட்பு முடிந்துபோனது. எட்டு மாதம் தங்கியவர் சுவரை அழுக்காக்கியதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தோம்.

இதில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன.

ஒன்று, அட்வான்ஸ் யாருடையது என்பது எழுத்தில் இல்லை. ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் ஓனரிடமிருந்து ஒரு வரி வாங்குங்கள்: "இன்னார் விலகினார், இன்னார் சேர்ந்தார், அட்வான்ஸில் அவர் பங்கு இனி இவருடையது, காலி செய்யும்போது தொகையை இன்ன கணக்குக்கு அனுப்ப வேண்டும்." ஓனர் வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று பதில் போட்டால்கூட ஒன்றுமில்லாததற்கு மேல்.

இரண்டு, பெயின்டிங் செலவு கடைசியில் இருப்பவர் தலையில் விழுகிறது. தலைக்கு மாதம் 300 ரூபாய் என்று தேய்மானம் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதத்தில் கிளம்புபவருக்கு 2,400 ரூபாய். புதிதாக வருபவர் அவருக்கு 27,600 ரூபாய் கொடுத்தால் போதும். கடைசியில் வரும் பிடித்தத்தில் அந்த இடத்துக்குரிய முழுப் பங்கும் புதியவருடையது. பைசா சுத்தமாக இருக்காது, ஆனால் யாரும் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. வந்த நாளில் இருந்த விரிசல், கறை, பழுதான கீசர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வைத்தால், ஓனரிடமும் பேச ஆதாரம் இருக்கும்.

மூன்று, முன்னறிவிப்பு. ஓனரிடம் ஒரு மாதம் என்றால் உங்களுக்குள் 45 நாள் வையுங்கள். அந்தக் கூடுதல் இரண்டு வாரம் ஆள் தேடுவதற்கு. மாற்று ஆளைக் கொண்டுவருவது கிளம்புபவர் பொறுப்பு. அவரை ஏற்பதும் மறுப்பதும் இருப்பவர்கள் உரிமை. ஆனால் வருபவர்களையெல்லாம் மறுத்துக்கொண்டே கிளம்புபவரிடம் வாடகை வாங்குவது அநியாயம். அதனால்: "தகுந்த இருவரைக் காட்டிய பிறகும் ஏற்கவில்லை என்றால், 45 நாள் முடிந்ததும் அவர் பொறுப்பு தீர்ந்தது."

ஓனரே திருப்பித் தர இழுத்தடித்தால்? காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும் என்று அதே வாடகைச் சட்டம் சொல்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸே மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. வாடகை அதிகாரியிடம் போக வேண்டி வந்தால், முதல் சோதனையில் சொன்ன பதிவு அங்கே கைகொடுக்கும்.

"ஆபீஸ்ல வாடகை ரசீது கேக்கறாங்க"

வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு கேட்பவர், தான் கட்டிய பங்குக்கு மட்டுமே கேட்க முடியும். மூவரும் ஒருவருக்கு ஜிபே செய்து அவர் மொத்தமாக ஓனருக்கு அனுப்பும் வீட்டில், ரசீது தனித்தனிப் பெயரில் இருக்க வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே ஓனரிடம் பேசிவிடுங்கள். உங்கள் பங்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணும் கேட்பார்கள். பிப்ரவரியில் ஓடிப் போய்க் கேட்டால் பல ஓனர்கள் தருவதில்லை.

"எழுதிக்கணுமா? என் மேல நம்பிக்கை இல்லையா?"

எல்லாவற்றையும் தாண்டி இந்த ஒரு வாக்கியத்தில்தான் பல வீடுகளில் காகிதம் நின்றுவிடுகிறது. வாதாடாதீர்கள். ஊரில் சீட்டுப் பிடிக்கும் அத்தைகளை நினைத்துப் பாருங்கள். இருபது வருடப் பழக்கம், ஒரே தெரு, இருந்தும் நோட்டில் யார் எவ்வளவு கட்டினார் என்று எழுதுவார்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்த நோட்டு இருப்பதால்தான் இருபது வருடமும் பழக்கம் நீடிக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே இரவில் எழுத உட்காராதீர்கள். இப்போது உரசும் ஒன்றை எடுத்து, அதற்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். அது ஒரு மாதம் ஒழுங்காக ஓடினால் அடுத்ததற்கு யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் இப்போது யாராவது கிளம்பும் பேச்சில் இருந்தால், அட்வான்ஸ் வரிதான் முதலில்.

எழுதியும் யாரும் மதிக்கவில்லை என்றால், வரியைத் திரும்பப் படியுங்கள். "வீட்டைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்" என்பது ஆசை. அதை யாரும் மீற முடியாது, கடைப்பிடிக்கவும் முடியாது. "ஞாயிறு குளியலறை, சமையலறை இரண்டும் முறைவைத்து, முறை தவறினால் அந்த வாரம் ஆள் வைத்துக் கழுவும் செலவு அவருடையது" என்று எழுதினால் நடக்கும். யார், எப்போது, தவறினால் என்ன என்ற மூன்றும் இல்லாத வரிகளை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அடி, மிரட்டல், திருட்டு, அத்துமீறல் வந்துவிட்ட வீட்டில் எந்த வரியும் எழுத உட்கார வேண்டாம். பாதுகாப்பான இடத்துக்கு நகர்ந்து, காவல் நிலையத்துக்குப் போங்கள். அட்வான்ஸ் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடும்போது: தமிழிலேயே எழுதலாம், மூவருக்கும் தெளிவாகப் புரிகிற மொழியே போதும். முத்திரைத்தாளில் இருந்தால் நல்லது. தேதி, முழுப்பெயர், எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து, வெளியாள் இருவர் சாட்சி. ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டு, படத்தைக் குரூப்பில் மேலே பின் செய்து வையுங்கள். அக்ரிமென்ட் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் புதுத் தேதி போட்டு மறுபடி கையெழுத்து. புதிதாக வருபவர் அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்பே அவர் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும்.